ஆடிக் காற்றும் புது சைக்கிளும்
(வாட்ஸ்அப் குழு: தோட்டத்துக் குடும்பம்)

சின்னவன், திருப்பூர்: ஞாயிறு காலை 6 மணிக்குக் கிளம்பி காங்கயம் வழியாக வெள்ளகோவில் போய்விட்டு, அதே ரோட்டில் மதியத்துக்குள் வீடு திரும்பலாம் என்று இருக்கிறேன். போக வர 90 கிலோமீட்டருக்குக் குறையாது. ரோடு பைக் வாங்கி முதல் நீள ஓட்டம். யாராவது வர்றீங்களா?

திருப்பூர் அத்தை: ஆடி மாதத்திலா கண்ணு? அம்மியே பறக்கும் என்பார்கள். நீ இருக்கிற எடைக்கு...

காங்கயம் சித்தப்பா: வாடா சாமி. தோட்டத்தில் ஒரு வாய் சாப்பிட்டுப் போ. கியர் வண்டிதானே? இந்தப் பக்கம் சமதரை என்று ஒரு பர்லாங்கு கிடையாது, ஏறினால் இறங்க வேண்டும், இறங்கினால் ஏற வேண்டும்.

சின்னவன்: அதுதான் சித்தப்பா பயமே. மேப்பில் எங்கெங்கே மேடு என்று குறித்து வைத்திருக்கிறேன்.

ஈரோடு அக்கா: மேட்டை விடு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று குறித்தாயா?

சின்னவன்: மேற்கிலிருந்து. போகும்போது முதுகில் தள்ளும், நல்லதுதானே அக்கா?

ஈரோடு அக்கா: போகும்போது நல்லது. மணிக்கு 35 கிலோமீட்டரில் பறப்பாய், உன் கால்தான் அவ்வளவு பலம் என்று நினைத்துக்கொள்வாய். 11 மணிக்குத் திரும்பினால் தெரியும். பாலக்காட்டுக் கணவாயில் நுழைகிற தென்மேற்குக் காற்று ஜூனிலிருந்து செப்டம்பர் வரை நம் பக்கம்தான் வெளியே வருகிறது. பல்லடம், உடுமலை, தாராபுரம் எல்லாம் காற்றாலை நிற்பது எதனால்? வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

ஈரோடு அக்கா: கணக்கு இது. நீ 20இல் போகிறாய், எதிரே 20இல் காற்று. உன் நெஞ்சுக்கு அது 40. காற்று பிடித்துத் தள்ளுகிற விசை இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. மேட்டுக்காவது உச்சி இருக்கிறது. வெள்ளகோவிலிலிருந்து திருப்பூர் வரைக்கும் காற்றுக்கு உச்சி எங்கே இருக்கிறது?

கரூர் மச்சான்: இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூர் கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர், எங்கள் கரூர் 122. நொய்யல் சும்மாவா கிழக்கே ஓடுகிறது? நடுவில் மேடு பள்ளம் எத்தனை இருந்தாலும் மொத்தத்தில் நம் பக்கம் இறக்கம். அதனால் மாப்பிள்ளை, திரும்பாமல் நேரே கரூர் வந்துவிடு. கறிக்குழம்பு ரெடி. ஈரோடு சுற்றி ரயிலில் ஏற்றி அனுப்புகிறேன்.

திருப்பூர் அத்தை: ஆடியில் கறியா? 

கரூர் மச்சான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சின்னவன்: 😂 அப்போ நான் என்னதான் செய்ய?

ஈரோடு அக்கா: திருப்பிப் போடு. காற்று அடங்கியிருக்கிற விடியலில் மேற்கே போய்விடு. 5.30க்குக் கிளம்பி பல்லடம். அங்கிருந்து கிழக்கே பொங்கலூர், அவினாசிபாளையம், காங்கயம். வெயில் ஏறும்போது காற்று முதுகில் இருக்கும். தோட்டத்தில் முடி. அத்தை எப்படியும் காரில் வருகிறார்கள், சாயங்காலம் அதிலேயே திருப்பூர்.

காங்கயம் சித்தப்பா: அம்மிணி சொல்வது சரி. ஆனால் முழுக்க ஹைவேயில் வராதே. பொங்கலூர் தாண்டினால் தெற்கிலும் வடக்கிலும் ஊர் ரோடு கிடக்கிறது. நாங்கள் சின்ன வயதில் மாட்டு வண்டி ஓட்டிய இட்டேரி பல இடத்தில் இப்போது தார் ரோடு. இரண்டு பக்கமும் கிளுவை வேலி ஆளுயரத்துக்கு நிற்கும். குனிந்து மிதித்தால் பக்கக் காற்று உன்மேல் படாது.

ஈரோடு அக்கா: வேலி முடிகிற இடத்தில்தான் கவனம். திடீரென்று ஒரு தள்ளு தள்ளும். கையை இறுக்கிப் பிடிக்காதே, முழங்கையைத் தளர்த்தி வை. ரோட்டின் ஓரத்தில் ஒட்டியும் போகாதே, ஒரு முழமாவது இடம் விடு. லாரி கடந்து போகும்போதும் இதே கதைதான், ஒரு நொடி காற்று நிற்கும், அப்புறம் அறையும்.

சின்னவன்: ஊர் ரோட்டில் பஞ்சர் ஆகாதா?

காங்கயம் சித்தப்பா: ஆகும். மாடு மேய்கிற கொறங்காடு பூராவும் வெள்வேல் மரம், முள்ளைக் கழித்து ரோட்டோரம் போட்டிருப்பார்கள். மாடு மேய்வதைப் பார்த்துக்கொண்டே ஓட்டாதே. மயில் வேறு குறுக்கே ஓடும். தை மாதம் என்றால் கொள்ளுச்செடியை ரோட்டில் பரப்பி வைத்திருப்பார்கள், செயினில் சுற்றிக்கொள்ளும். இப்போது அந்தத் தொல்லை இல்லை.

ஈரோடு அக்கா: இரண்டு டியூப் வைத்துக்கொள். மாற்றும்போது புது டியூபைப் போடுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவு. முள் அங்கேயே குத்திக்கொண்டிருக்கும், அதை எடுக்காவிட்டால் அடுத்த டியூபும் போச்சு. கைப்பம்பு கட்டாயம். உன்னுடையது ஒல்லியான பிரெஸ்டா வால்வு, ஊர்ப் பஞ்சர் கடையின் பம்பு அதில் பொருந்தாது. பித்தளை அடாப்டர் ஒன்று வாங்கி வால்விலேயே திருகி வைத்துவிடு. டயர் அகலம் 28 மில்லிமீட்டர்தானே? உன் எடைக்குக் காற்றழுத்தம் 70 பி.எஸ்.ஐ. போதும். கல்லு மாதிரி அடித்தால் தார் பெயர்ந்த ரோட்டில் இடுப்பு கழன்றுவிடும்.

சின்னவன்: கடையில் 110 அடித்துக் கொடுத்தார்கள்.

ஈரோடு அக்கா: இறக்கு.

சின்னவன்: சரிங்க அக்கா. ஆனால் மலை ஏறாமல் எப்படி? சென்னிமலை ரோடு ஏறலாம் என்று ஆசை.

ஈரோடு அக்கா: சென்னிமலை போனால் காங்கயம் திரும்பும்போது காற்றுக்குக் குறுக்கே 15 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். புரட்டாசி கழியட்டும். இப்போது வேண்டுமானால் சிவன்மலை, தோட்டத்துக்குப் பக்கம்தான். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிடு. பாரம் ஏறிய பிறகு குறைத்தால் செயின் கத்தும், சில நேரம் கழன்றும் விடும். இறங்கும்போது பிரேக்கை வளைவுக்கு முன்னால் பிடி, வளைவுக்குள் விட்டுவிடு.

காங்கயம் சித்தப்பா: மேலே போனால் கோயிலில், பக்தர் கனவில் சாமி சொன்ன பொருளை வைக்கிற உத்தரவுப் பெட்டியில் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து போட்டோ போடு. சித்தி சந்தவையும் தேங்காய்ப் பாலும் வைத்திருப்பாள்.

திருப்பூர் அத்தை: கண்ணு, வரும்போது காங்கயத்தில் செக்கு எண்ணெய் 5 லிட்டர் வாங்கி சைக்கிளில் மாட்டிக்கொண்டு வா.

சின்னவன்: கேரியர் கிடையாதுங்க அத்தை.

திருப்பூர் அத்தை: கேரியர் இல்லாத சைக்கிளுக்கா அவ்வளவு காசு கொடுத்தாய்?

கரூர் மச்சான்: ஸ்டாண்டும் இல்லீங்க.

திருப்பூர் அத்தை: கார் டிக்கியில் சைக்கிளை வைத்தால் எண்ணெய் டின்னை எங்கே வைப்பது?

ஈரோடு அக்கா: முன் சக்கரத்தைக் கழற்றினால் பின் சீட்டில் படுத்துக்கொள்ளும். சீட்டில் பழைய போர்வை ஒன்று விரித்து வைத்திருங்கள், செயின் கறை போகாது.

திருப்பூர் அத்தை: அப்போ இவன் எங்கே உட்காருவான்?