சூடேறியதும் உயர மறுக்கும் புல்வெட்டி: சொலினோயிட் கொயிலை எப்படிச் சோதிப்பது?

உப்புவெளித் தோட்டக்காரன்:
வணக்கம். கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதியின் புல்தரையைப் பராமரிக்கிறேன். எங்கள் ஹைட்ரோலிக் புல்வெட்டும் இயந்திரத்தில் காலையில் எல்லாம் ஒழுங்காக இயங்குகின்றன. அரை மணித்தியாலம் ஓடிய பின்னர், இடப்பக்க வெட்டும் பகுதி மட்டும் சுவிட்சை அழுத்தினாலும் உயர்வதில்லை. அதை உயர்த்தும் எண்ணெய் வால்வை இயக்கும் 12 வோல்ட் சொலினோயிட் கொயிலை (மின்காந்தச் சுருளை) ஆறியிருந்தபோது அளந்தேன்; 7.1 ஓம் காட்டியது. பக்கத்துக் கொயில் 7.2 ஓம். கொயிலில் பிழையில்லை, வால்வுத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். அதற்கு முன் எதைச் சோதிக்கலாம்?

பழைய மெக்கானிக்:
தம்பி, வால்வை இப்போதைக்குக் கழற்ற வேண்டாம். ஆறிய கொயிலில் எடுத்த ஓம் அளவு, கம்பி அறுந்திருக்கவில்லை என்பதை மட்டுமே சொல்லும். செம்பின் மின்தடை ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடுவதால், ஆறிய நிலையைவிட 60 பாகை கூடச் சூடேறினால் உங்கள் 7.1 ஓம் 8.8 வரை போகும். அந்த அளவுக்கு மின்னோட்டமும் காந்த இழுவையும் குறையும். பிழை காட்டும் அந்த நேரத்திலேயே, வெட்டும் பகுதிகளைத் தரையில் இறக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு, பிளக்கைக் கழற்றி மறுபடி அளவுங்கள். மீற்றரின் ஒரு ஊசியைக் கொயிலின் முள்ளிலும் மற்றதை வால்வின் உடலிலும் வைத்துப் பாருங்கள்; அங்கே எந்த இணைப்பும் காட்டக்கூடாது. அதன்பின் பிளக்கை மாட்டி, சாவியைத் திறந்து, சுவிட்சை ஒருவர் அழுத்தியிருக்க, பிளக்கின் பின்புறத்திலிருந்து மீற்றர் ஊசியைச் செருகி வோல்ட்டை அளவுங்கள். கழற்றிய பிளக்கில் 12 வோல்ட் காட்டுவதை நம்பிவிடாதீர்கள்; மின்னோட்டம் பாயாதபோது துருப்பிடித்த இணைப்பும் முழு வோல்ட்டையே காட்டும்.

சீனக்குடா வாசகர்:
மின் ஏறியிருக்கும்போது கொயிலின் நடுவிலுள்ள நட்டருகே ஓர் இரும்பு ஸ்க்ரூ டிரைவரைக் கொண்டுபோனால், அது இழுபடுவதைக் கையால் உணரலாம். நன்றாக இழுத்தும் வால்வு நகரவில்லையென்றால்தான் உள்ளே ஸ்பூல் (எண்ணெய் வழியைத் திறந்து மூடும் நகரும் தண்டு) அழுக்கில் சிக்கியிருப்பதாக எண்ண வேண்டும்.

உப்புவெளித் தோட்டக்காரன்:
ஐயா, இன்று சூட்டோடு அளந்தேன். கொயில் 8.8 ஓம், உடலோடு இணைப்பில்லை. பற்றரியில் 12.6 வோல்ட் இருக்க, பிளக்கில் 8.9 மட்டுமே வந்தது. ஸ்க்ரூ டிரைவரும் மெதுவாகவே இழுபட்டது. பிளக்கைப் பிரித்தபோது ஒரு முள் முழுவதும் பச்சை பூத்திருந்தது. மாரிக்காலத்து உப்பு ஈரம் ரப்பர் வளையத்தைக் கடந்து உள்ளே போயிருக்க வேண்டும். முள்ளைச் சுத்தப்படுத்தி, வளையத்தை மாற்றி, மின்காப்புக் கிறீஸ் பூசினேன். இப்போது 12.3 வோல்ட் வருகிறது. மாலைவரை வெட்டியும் இடப்பக்கம் ஒருமுறைகூடத் தயங்கவில்லை. மற்ற பிளக்குகளையும் நாளைக்குத் திறந்து பார்க்கப்போகிறேன்.