ஜார்ஜியா மாநிலம் ஏன் இப்படி கட்சி தாவுது?

தேர்தல்பித்தன்:
பழைய அமெரிக்க எலெக்‌ஷன் மேப் எல்லாம் பார்த்துட்டு இருந்தேன், ஜார்ஜியா மட்டும் மண்டைய காய வைக்குது. 1960ல கென்னடிக்கு சொந்த மாநிலம் மாசசூசெட்ஸ விட இங்கதான் அதிக சதவீதம் விழுந்திருக்கு, நாலே வருஷத்துல அதே ஜனநாயகக் கட்சி ஜான்சன் நாடு முழுக்க அள்ளிட்டுப் போறப்போ இவங்க குடியரசுக் கட்சி கோல்ட்வாட்டருக்கு குத்தியிருக்காங்க. 68ல மூணாவது கட்சியில நின்ன வாலஸ், 72ல குடியரசுக் கட்சி நிக்சன், 76ல ஜனநாயகக் கட்சி கார்ட்டர். ஜனங்க மாறுனாங்களா, கட்சி மாறுச்சா?

ஓட்டுச்சாவடி:
64ல மாறுனது கட்சிதாங்க. அடிமை முறைய ஒழிச்ச லிங்கனோட குடியரசுக் கட்சி மேல இருந்த பழைய கோவத்துலதான் அங்க வெள்ளைக்காரங்க நூறு வருஷமா ஜனநாயகக் கட்சிக்கு போட்டாங்க, கறுப்பினத்தவங்கள பெரும்பாலும் ஓட்டே போட விடல. 1964 ஜூலைல இனப் பாகுபாட்டைத் தடை பண்ற சிவில் ரைட்ஸ் சட்டத்துல ஜான்சன் கையெழுத்து போட்டாரு, செனட்ல அத எதிர்த்து ஓட்டு போட்ட கோல்ட்வாட்டர் நவம்பர்ல ஜார்ஜியாவ தூக்கிட்டாரு. ஜனாதிபதி தேர்தல்ல குடியரசுக் கட்சி அங்க ஜெயிச்சது அதான் முதல் தடவை. வாலஸுக்கு விழுந்ததும் அந்த சட்டத்து மேல இருந்த கோவத்துலதான். கார்ட்டர் கதை வேற, அவரு அந்த ஊர் முன்னாள் கவர்னர்.

மெதுவடை:
மேல சொன்னது சரி, ஆனா மேப்ல தெரியாத ஒண்ணு இருக்கு. ஜனாதிபதிக்கு ஒரு கட்சி, உள்ளூர் பதவிக்கு பழைய கட்சின்னு ரொம்ப காலம் ஓட்டிட்டாங்க. குடியரசுக் கட்சி ரீகனுக்கு ஓட்டு போட்ட அதே மாநிலத்துல கவர்னர் பதவி 2002 வரைக்கும் குடியரசுக் கட்சிக்கு கிடைக்கல, சானி பெர்டூதான் உடைச்சாரு. செல் மில்லர்னு அங்க கவர்னரா இருந்த ஜனநாயகக் கட்சி ஆளு, 1992ல கிளிண்டனுக்காக ஜனநாயகக் கட்சி மாநாட்டுல முக்கிய பேச்சு, 2004ல கட்சிய விட்டு விலகாமலே புஷ்ஷுக்காக எதிர் மாநாட்டுல பேசுனாரு, ரெண்டும் நியூயார்க்ல அதே மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம்! நம்மூர் ஆளுங்களே கொஞ்சம் கூச்சப்படுவாங்க.

தேர்தல்பித்தன்:
செம. அப்போ 2020ல பைடன் ஜெயிச்சது? பழைய ஆளுங்க திரும்பி வந்துட்டாங்களா?

ஓட்டுச்சாவடி:
இல்லைங்க, கிராமத்துப் பக்கம் யாரும் திரும்பல. அட்லாண்டாவ சுத்தி புதுசா வந்து குடியேறுனவங்க, கறுப்பினத்தவங்க, லத்தீன், ஆசியக்காரங்க, படிச்ச புறநகர் வெள்ளைக்காரங்க, இவங்கதான். அட்லாண்டா புறநகர்ல இருக்கற க்வினெட், காப் ரெண்டு கவுண்டியும் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒரு காலத்துல குடியரசுக் கட்சி கோட்டை, 2016லயே ஹிலாரி பக்கம் போயிடுச்சு. 2020ல வித்தியாசம் வெறும் 11,779 ஓட்டு.

கடைசிபெஞ்ச்:
24ல ட்ரம்ப் திருப்பி எடுத்துட்டாரே, அத விட்டுட்டீங்க?

ஓட்டுச்சாவடி:
எடுத்தாரு, ஆனா அந்த ரெண்டு கவுண்டியும் அப்பவும் ஹாரிஸ் பக்கம்தான். மாநில ரிசல்ட்ட மட்டும் பார்க்காதீங்க, கவுண்டி மேப்ப எடுத்துப் பாருங்க.