அக்கம்பக்கத்து பில்லை என் கார்டில் கட்டலாமா?

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். எங்கள் வரிசையில் பலரிடம் கிரெடிட் கார்டு இல்லை. தெனாகா மின்சார பில்லுக்குள் நோட்டை மடித்து வைத்து என்னிடம் கொடுப்பார்கள். நான் என் கார்டில் கட்டிவிட்டு, அந்த ரொக்கத்தை டவுனில் மெஷினில் போட்டு கார்டு பாக்கியை முழுதாக அடைத்துவிடுவேன். 18 விழுக்காடு வரை போகும் வட்டிக்கு இடமே கொடுப்பதில்லை. கார்டுக்கு வருடத்துக்கு 25 வெள்ளி (ரிங்கிட்) சேவை வரி இருக்கிறதே, கேஷ்பேக்காகத் திரும்பக் கிடைக்கும் பணம் அதையாவது தாண்ட வேண்டும்.

டச் அண்ட் கோ மின்பணப்பையில் கார்டு வழியாகப் பணம் ஏற்றுவது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. 2024இல் அதற்கு 1 விழுக்காடு கட்டணம் வந்துவிட்டது. 1,000 வெள்ளி ஏற்றினால் 10 வெள்ளி போச்சு. அப்படி ஏற்றிய பணத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றவும் முடியாது.

மற்றவர்கள் பில்லைத் தொடர்ந்து கட்டினால், வங்கி இதை வியாபாரம் என்று நினைத்து, கார்டில் சேரும் வெகுமதிப் புள்ளிகளைப் பறித்துவிடுமா? யாருக்காவது அப்படி நடந்திருக்கிறதா? மின்கட்டணத்துக்கும் கேஷ்பேக் தரும் கார்டு எது, மாத உச்சவரம்பு எவ்வளவு? கார்டு விற்பவர்கள் வேண்டாம், பயன்படுத்துகிறவர்கள் சொன்னால் பெரிய உதவி.