பல்மருத்துவ அச்சம், பதற்றம், நெருக்கீடு: குழந்தைகளுக்கான அளவுகோல்களுக்குப் பெயரிடுவது குறித்து

அன்புடையீர்,

பல்மருத்துவரிடம் வரும் குழந்தைகளின் அச்சத்தையும் மன அழுத்தத்தையும் அளக்கும் கருவிகள் அனைத்துக்கும் ‘பல்பயமானி’ என்று ஒரே பெயர் வைத்துவிடலாம் என இவ்வுரையாடல் இழையில் முன்மொழியப்பட்டிருக்கிறது. சொல் சுருக்கமானது, நாவில் எளிதாக நிற்கக்கூடியது. ஆயினும், அக்கருவிகள் ஒவ்வொன்றும் எதை அளக்கின்றன என்று பார்க்காமல் அதை ஏற்றுக்கொண்டால், வேறுவேறாக இருக்கும் மூன்று நான்கு பொருள்கள் தமிழில் மட்டும் ஒன்றாகிவிடும் என்பது என் கவலை.

முதலில், பல்மருத்துவரிடம் போவது பற்றிய பதற்றத்தை அளக்க ஆய்வாளர் கோரா 1969-இல் வெளியிட்ட அளவுகோலை எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கென எழுதப்பட்ட அதில் நான்கே கேள்விகள். நாளை பல்மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், முறை வரும்வரை காத்திருக்கும்போது எப்படி இருக்கும், நாற்காலியில் சாய்ந்திருக்க மருத்துவர் துளையிடும் கருவியை ஆயத்தம் செய்யும்போது எப்படி இருக்கும், பல்லைச் சுத்தம் செய்யும் கருவிகளை அவர் எடுக்கும்போது எப்படி இருக்கும் என்பவை அவை. நான்கிலும் பல்லின்மேல் இன்னும் எதுவும் படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வரப்போவதை எண்ணித் தவிக்கும் நிலையைத்தான் இக்கேள்விகள் தொடுகின்றன. இதற்குப் ‘பதற்றம்’ என்ற சொல் இயல்பாகப் பொருந்துகிறது. தடுமாறு என்பதிலிருந்து தடுமாற்றம் வருவதுபோல் பதறு என்பதிலிருந்து பதற்றம் வருகிறது. ஆகவே வழக்கில் ‘பதட்டம்’ பரவியிருந்தாலும், கலைச்சொல்லாகப் ‘பதற்றம்’ என்ற வடிவையே நிலைநிறுத்தலாம்.

அச்சம் இதிலிருந்து வேறானது. உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படுவதாகிய மெய்ப்பாட்டைப் பற்றிப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற நான்கையும் அச்சத்தின் நிலைக்களன்களாகச் சொல்கிறது. நான்குமே அஞ்சுபவருக்கு வெளியே இருப்பவை. இன்னதைக் கண்டு அஞ்சினேன் என்று சுட்டக்கூடியவை. ஊசியைப் பார்த்தவுடன் வாயை இறுக மூடிக்கொள்ளும் குழந்தையிடம் இருப்பது இந்த அச்சமே. நண்பர் ஒருவர் ‘மருட்சி’யைப் பரிந்துரைத்திருக்கிறார். அழகான சொல்தான். ஆனால் அதே இயலில் மருட்கை என்பது அச்சத்தோடு சேராமல், வியப்பைக் குறிக்கும் தனி மெய்ப்பாடாக எண்ணப்படுகிறது. மருளுதலுக்கு மயங்குதல் என்ற பொருளும் இருப்பதால், அளவுகோலின் பெயரில் அச்சொல் தெளிவைக் குறைக்கும்.

குழந்தைகளின் அச்சத்துக்கென்றே மிகுதியாகப் பயன்படும் வினாநிரல், கத்பர்ட், மெலமெட் இருவரும் 1982-இல் வெளியிட்டது. அதில் 15 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆகவே மொத்தம் 15-க்கும் 75-க்கும் இடையே அமையும். பல ஆய்வுகள் 38-ஐ எல்லையாகக் கொண்டு, அதற்கு மேற்பட்டதை மிகுந்த அச்சமாகக் கருதுகின்றன. வினாக்களின் பொருளைப் பார்த்தால், துளையிடும் ஓசையும் ஊசியும் மட்டுமல்லாமல், முன்பின் தெரியாத ஒருவர் தொடுவது, மூச்சுத் திணறுவது, வெள்ளைச் சீருடை அணிந்தவர்கள், மருத்துவமனைக்குப் போக நேர்வது ஆகியவையும் உள்ளன. எனவே ‘பல்பயம்’ இங்கே பொருந்தாது. குழந்தை பல்லுக்கு அஞ்சவில்லை. ‘பல்மருத்துவர் அச்சம்’ என்றால் அச்சம் முழுவதும் ஒரே மனிதர்மேல் போய் நிற்கும். ‘பல்மருத்துவ அச்சம்’ என்பதே போதிய அகலம் உள்ளது.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். வினாநிரலின் தலைப்பில் அச்சம் என்று இருக்கட்டும். குழந்தையிடம் கேட்கும் வரியில் ‘பயம்’ என்றே இருக்க வேண்டும். பயம் வடசொல் என்றும், பழந்தமிழில் ‘பயம்’ என்பது பயனைக் குறித்தது என்றும் எழுந்த மறுப்பு சரியானதே. ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தெரிந்த சொல் பயம்தான். ‘நீ அச்சம் கொள்கிறாயா?’ என்று கேட்டால், அளக்கப்படுவது அக்குழந்தையின் அச்சமாக இராது, சொல்வளமாகவே இருக்கும்.

ஆங்கிலத்தின் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கு வழங்கும் ‘மன அழுத்தம்’ என்ற சொல்லைத்தான் நான் முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். நாளிதழ்கள் இச்சொல்லை மனச்சோர்வு நோய்க்கும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. ஊசிக்கு முன் இதயம் படபடக்கும் குழந்தைக்கு ‘மன அழுத்தம்’ என்று அறிக்கையில் எழுதினால், அதைப் படிக்கும் பெற்றோர் என்ன நினைப்பார்கள்? ‘தகைவு’ பள்ளி இயற்பியலில் கம்பியையும் தண்டையும் பற்றிப் பேசும்போது வருவது. உயிருள்ள உடலுக்கு அது ஒட்டவில்லை. ‘உளைச்சல்’ பரிந்துரையை மனத்தளவில் ஏற்கலாம்; ஆனால் உடலுக்கு வரும்போது கால் உளைச்சல், கை உளைச்சல் என்று வலியாகிவிடுகிறது. இலங்கைத் தமிழ் உளவியல் எழுத்துகளில் வழங்கும் ‘நெருக்கீடு’ நமக்குக் கைகொடுக்கும். வெளியிலிருந்து வரும் நெருக்குதலையும் அதற்கு உடலும் மனமும் காட்டும் எதிர்வினையையும் அது ஒருசேரத் தாங்குகிறது. உளநெருக்கீடு, நெருக்கீட்டு இயக்குநீர் (ஹார்மோன்) என்று வளரவும் இடம் தருகிறது.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற நெருக்கீட்டு இயக்குநீரின் அளவைப் பார்க்கும் ஆய்வுகள் நெருக்கீட்டையே அளக்கின்றன. அந்த இயக்குநீர் நெருக்கீடு நேர்ந்து ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடங்கள் கழித்தே உச்சத்தைத் தொடும். ஆகவே நாற்காலியில் அமர்ந்தவுடன் நாக்கின் கீழ் பஞ்சை வைத்து எடுக்கும் உமிழ்நீர், அந்த நொடியைப் பற்றிச் சொல்வதைவிடக் காத்திருப்பு அறையைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்லும். மேலும், காலையில் கண்விழித்த சிறிது நேரத்தில் கார்ட்டிசால் இயல்பாகவே உயர்ந்து மாலைக்குள் தணிவதால், காலையில் வந்த குழந்தையையும் மாலையில் வந்த குழந்தையையும் நேராக ஒப்பிட முடியாது. இத்தகைய எண்ணை ‘அச்ச அளவு’ என்று மொழிபெயர்த்தால், ஆய்வு சொல்லாத ஒன்றை நாம் சொன்னதாகிவிடும்.

1962-இல் வந்த பிராங்கல் அளவுகோலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அதன் நான்கு படிகளும் குழந்தையின் நடத்தையைக் குறிப்பவை. அசையாமல், வாய் திறந்தபடி, நாற்காலியின் கைப்பிடியை விரல் வெளுக்கப் பற்றியிருக்கும் குழந்தை அதில் நல்ல படியையே பெறக்கூடும். ஆகவே அதன் பெயரில் அச்சம் வரவே கூடாது; ‘ஒத்துழைப்பு நடத்தை அளவுகோல்’ என்பது என் பரிந்துரை.

‘மானி’ என்ற ஈற்றை, விரலில் மாட்டி நாடித்துடிப்பைக் காட்டும் கருவி போன்றவற்றுக்கு ஒதுக்கிவிடலாம். வினாக்களாலும் படங்களாலும் ஆனவை அளவுகோல்களே. சிரிப்பிலிருந்து அழுகைவரை ஐந்து முகங்களைக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்லும் முறைக்கு ‘முகப்பட அளவுகோல்’ என்பதில் யாருக்கும் மறுப்பு இராது என்று நம்புகிறேன்.

இன்னும் தீராதது வினாநிரலின் விடைப்படிகள். ‘பயமே இல்லை’, ‘ரொம்பப் பயம்’ என்ற இரு முனைகளும் தெளிவு. இடையிலுள்ள மூன்றுக்கு ‘கொஞ்சம் பயம்’, ‘ஓரளவு பயம்’, ‘நிறையப் பயம்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘கொஞ்சம்’, ‘ஓரளவு’ இரண்டையும் சிறு குழந்தை பிரித்தறியுமா என்பது எனக்கு ஐயமாகவே இருக்கிறது. சிறுவர்களோடு அன்றாடம் பேசிப் பழகும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் இவ்விழையில் இருக்கிறீர்கள். அந்த நடுப்படிக்குக் குழந்தைகளின் வாயில் வரும் சொல் எது என்று தெரிவித்தால், வரைவை முடித்து அனுப்புகிறேன்.