டா வின்சி கோட் புதிர்களை நிஜத்தில் செய்ய முடியுமா? கிரிப்டெக்ஸ், வினிகர், கண்ணுக்குத் தெரியாத மை

குறுக்கெழுத்துப்பித்தன்:

கல்லூரி விழாவுக்குப் புதிர் வேட்டை ஒன்று தயாராகிறது. கரு, ரான் ஹோவர்ட் இயக்கி டாம் ஹாங்ஸ் நடித்து 2006இல் வந்த ‘தி டா வின்சி கோட்’. விஷயம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

படத்தில் வரும் எழுத்துச் சக்கர உருளை, அதாவது கிரிப்டெக்ஸ், உள்ளே எப்படி வேலை செய்கிறது? தமிழ் எழுத்து வைத்துச் செய்ய முடியுமா? அதை உடைத்துத் திறந்தால் உள்ளே இருக்கும் வினிகர்க் குப்பி நொறுங்கி, செய்தி எழுதிய பாப்பிரஸ் கரைந்துவிடும் என்கிறார்கள், உண்மையா? மோனா லிசா கண்ணாடியில் புற ஊதா விளக்கில் தெரிகிற எழுத்தை மலிவாகக் காட்ட வழி உண்டா? கடைசியாக, வினாடி வினாவுக்குப் படத்து ‘வரலாறு’களில் எதை நம்பிக் கேள்வி வைக்கலாம்? யாராவது எழுந்து நின்று மானத்தை வாங்கிவிடக் கூடாது.

கடைசல்காரன்:

படம் சொன்னாலும், லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் இப்படி ஒரு கருவி கிடையாது. பெயரும் கருவியும் மூலக் கதையை எழுதிய நாவலாசிரியர் டான் பிரவுன் உண்டாக்கியவை. தத்துவம் மட்டும் சைக்கிளுக்குப் போடும் நம்பர் பூட்டுதான்.

நடுவில் தாளை வைக்கும் உள் உருளை, அதன் முதுகில் ஒரே நேர்கோட்டில் ஐந்து முளைகள். அதைச் சுற்றி, நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டிய குழாய். குழாயின் மேல் ஐந்து வளையங்கள். முளைகள் பிளவு வழியாக நீட்டி, வளையத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் பாதி அகலத்துக்கு முளை சுற்றி ஓட வட்டப் பள்ளம் இருக்கும். மீதிப் பாதி சுவர், அந்தச் சுவரில் ஒரே ஒரு வெட்டு. ஐந்து வெட்டும் பிளவுக்கு நேரே வந்தால் உள் உருளை சறுக்கிக்கொண்டு வெளியே வரும். ஒன்று தப்பினாலும் அதன் முளை சுவரில் முட்டி நிற்கும்.

முப்பரிமாண அச்சில் எடுப்பதானால் இந்த அளவுகள் சரிவரும்: குழாயின் வெளிவிட்டம் 40 மிமீ, வளையத்தின் உள்விட்டம் 40.7, வெளிவிட்டம் 60, அகலம் 15. முளை 3 மிமீ, வெட்டு 3.4 மிமீ. முளையின் நுனி குழாயைத் தாண்டி 2.5 மிமீ நீட்டினால் போதும். இருபத்தாறு எழுத்து வைத்தால் முளை இருக்கும் இடத்தில் ஓர் எழுத்துக்குச் சுமார் 5.3 மிமீ கிடைக்கும். வெட்டை ‘லூசாக இருக்கட்டும்’ என்று 6, 7 மிமீ ஆக்கிவிட்டால் எழுத்து சரியாக நேரே வராவிட்டாலும் பூட்டு திறந்துகொள்ளும். பலர் சறுக்குவது இங்கேதான்.

மற்ற தொல்லைகள்: அச்சின் முதல் அடுக்கு பிதுங்கி வளையத்தின் வாயை இறுக்கும், அரத்தால் எடுத்துவிடுங்கள். பிளவைக் குழாயின் ஒரு முனையில் மட்டும் திறந்துவிட்டு மறுமுனையை வெட்டாமல் விடுங்கள், இல்லாவிட்டால் குழாய் சுருங்கி உள் உருளையைப் பிடித்துக்கொள்ளும். வளையங்கள் தானாக நகராமல் இருக்க இடையில் மெல்லிய ஃபெல்ட் வாஷர் போடுங்கள். வழுக்கலுக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசி சேர்ந்து பிசுபிசுக்கும்.

எழுத்துகளைக் கடைசியில் ஒட்டுங்கள். ஐந்து வெட்டையும் பிளவுக்கு நேரே நிறுத்தி, வேண்டிய சொல் முனையில் போட்ட குறிக்கோட்டுக்கு நேரே வரும்படி எழுத்துப் பட்டையைச் சுற்றினால் கடைசி நாளில்கூடச் சொல்லை மாற்றலாம். முனை மூடியை ஒட்டாமல் திருகாணி போட்டு வையுங்கள். விழா மேடையில் சிக்கிக்கொண்டால் கைகொடுப்பது அதுதான்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து வளையம், 26 எழுத்து என்றால் 1,18,81,376 சேர்க்கைகள். ஒன்றுக்கு ஐந்து நொடி வைத்தாலும் தூங்காமல் 687 நாள் ஆகும். கேட்க மிரட்டலாக இருக்கும், ஆனால் யாரும் அப்படித் திறக்க மாட்டார்கள். முனையை லேசாக வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு வளையங்களைத் திருப்பினால், அளவு வித்தியாசத்தால் ஏதோ ஒன்று மட்டும் முதலில் இறுகும். அது விடுகிற இடம்தான் அதன் எழுத்து. அடுத்து இன்னொன்று இறுகும். அதிகபட்சம் 130 நிலைகளில் வேலை முடிந்துவிடும். இதைத் தடுக்க, சுவரில் முளை உரசும் முகத்தில் அங்கங்கே அரை மிமீ ஆழத்தில் பொய்வெட்டு போட வேண்டும். கை ஏமாறும்.

ஆய்வகப்பூனை:

வினிகர் காட்சி வேதியியலில் நிற்காது. பாப்பிரஸ் என்பது கோரைத் தண்டின் செல்லுலோஸ். சமையல் வினிகரில் அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம்தான். அதில் செல்லுலோஸ் கரையாது, ஈரமாகும், அவ்வளவே. காயவைத்தால் படிக்கலாம். வேடிக்கை என்னவென்றால், பழைய எகிப்தியக் கரி மை பிசின் கலந்தது; தண்ணீரால் கழுவி ஓலையைத் திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ரகசியத்தை அழிக்க வினிகரைவிடக் குழாய்த் தண்ணீர் மேல்.

அதோடு, 5 சதவீத வினிகர் ஏறத்தாழ -2 டிகிரியில் உறையத் தொடங்கும். வீட்டு ஃப்ரீசர் -18 டிகிரி. உருளையை ஓர் இரவு உள்ளே வைத்துவிட்டு உடைத்தால், குப்பி நொறுங்கினாலும் சொட்டு வழியாது. படத்தின் நாயகனான பேராசிரியர் இதை யோசிக்காதது வியப்பு!

உங்கள் நிகழ்ச்சிக்குக் கண்ணாடிக் குப்பியே வேண்டாம், யாராவது கையை வெட்டிக்கொள்வார்கள். கரையும் காட்சிதான் வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் தாள் தனியாகக் கிடைக்கிறது. தண்ணீரில் போட்டுக் கலக்கினால் நொடிகளில் கூழாகும். ஈரக் கையால் தொடாதீர்கள், மழைக்காலத்தில் ஜிப் பையில் வையுங்கள்.

புற ஊதா எழுத்து சுலபம். பேனா மூடியில் விளக்குடன் வரும் ‘மாயப் பேனா’ ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். தவறு நடப்பது தாளில். வெள்ளை ஏ4 தாளில் வெளுப்பு கூட்டும் பொருள் கலந்திருப்பதால் தாள் முழுக்க நீலமாக ஒளிரும், எழுத்து அதில் மூழ்கிவிடும். கண்ணாடி, பழுப்புத் தாள், வெளுக்காத கைத்தாள் மூன்றும் நல்லது. மலிவான டார்ச் 395 நானோமீட்டர். அதன் ஊதா வெளிச்சமே கண்ணைக் கூசவைக்கும். 365 என்று போட்ட டார்ச் வாங்குங்கள், எழுத்து பளிச்சென்று தெரியும். யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. கண்ணாடியில் சாய்வாக வெளிச்சம் பட்டால் பேனாவின் தடம் காட்டிக்கொடுக்கும், அதனால் அறை மங்கலாக இருக்கட்டும்.

குறுக்கெழுத்துப்பித்தன்:

பிரமாதம். அப்படியே படத்தில் வரும் ஃபிபொனாச்சி எண்களையும் (முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் தொடர்) சொல்லிவிடுங்கள். 13-3-2-21-1-1-8-5 என்று கலைத்துப் போட்டது புதிராக நிற்குமா?

கடைசல்காரன்:

வரிசைப்படுத்தினால் 1123581321, படத்தில் வரும் வங்கிக் கணக்கு எண். எட்டு எண்களில் 1 இரு முறை வருவதால் அடுக்கும் வழிகள் அதிகபட்சம் 20,160. கணினிக்கு இது ஒரு வாய்ச் சோறு. மேடையில் நிற்கும் மாணவருக்குப் பெரிய மலை. எண்களில் ஒன்றைக்கூட மாற்றாதீர்கள், தொடர் உடைந்தால் கண்டுபிடிக்க வழியே இல்லை. இலக்கங்களை ஒட்டி எழுதவும் வேண்டாம். 21 என்பதை 2, 1 என்று பிரித்துப் படித்துவிடுவார்கள்.

சுண்ணாம்புச்சுவர்:

ஓவியச் சுற்றுக்கு என் பங்கு. லியோனார்டோவின் ‘கடைசி இராவுணவு’ ஓவியத்தில் ஏசுவின் பக்கத்தில் இருப்பவர் ஒரு பெண், மேசையில் கிண்ணம் இல்லை என்றெல்லாம் கதை சொல்கிறதே, அதைப் பார்ப்போம். ‘கடைசி இராவுணவு’ மிலானில் சாந்தா மரியா டெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில் இருக்கிறது. சுமார் 460 x 880 செமீ, 1495க்கும் 1498க்கும் இடையில் வரைந்தது. அதை ‘ஃப்ரெஸ்கோ’ என்று கேள்வித்தாளில் எழுதிவிடாதீர்கள். ஃப்ரெஸ்கோவில் ஈரச் சுண்ணாம்பு காயுமுன் நிறம் ஏற்ற வேண்டும், திருத்த நேரமிருக்காது. லியோனார்டோ நிதானமாகத் திருத்தித் திருத்தி வரைபவர். அதனால் காய்ந்த சுவரில் வரைந்தார். நிறம் சுவரோடு பிணையவில்லை, சில பத்தாண்டுகளிலேயே உதிரத் தொடங்கியது. 1652இல் கதவு வைக்க ஏசுவின் பாதத்தை வெட்டினார்கள். 1943 ஆகஸ்டில் குண்டு விழுந்து கூடத்தின் பெரும்பகுதி இடிந்தது. மணல் மூட்டை அடுக்கியிருந்ததால் இந்தச் சுவர் தப்பியது. 1978 முதல் 1999 வரை பீனின் பிராம்பில்லா பார்சிலோன் தலைமையில் சீரமைத்தார்கள். மீட்க முடியாத இடங்களில் மங்கிய நீர்வண்ணம் மட்டுமே. ஆக, ஒரு முகத்தின் ‘பெண்மை’யை இன்றைய பூச்சைப் பார்த்து அளப்பது ஆபத்தான விளையாட்டு.

ஏசுவின் வலப்புறம் இருப்பவர் மகதலேனா மரியாளா? ஃபிளாரன்ஸ் ஓவியர்கள் சீடர் யோவானை மீசை தாடியில்லாத இளைஞராகவே வரைந்தார்கள். கஸ்தாஞ்ஞோ, கிர்லாந்தாயோ இருவரின் இராவுணவுகளையும் பாருங்கள். மேசையில் பதின்மூன்று பேர். இவர் மரியாள் என்றால் யோவான் எங்கே போனார்? திரைப்படம் இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்வதில்லை. ‘கிண்ணம் இல்லை’ என்பதற்கும் காரணம் இருக்கிறது. வரைந்திருப்பது ‘உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான்’ என்று சொன்ன கணம். அப்பமும் கிண்ணமும் கொடுக்கும் நிகழ்ச்சி யோவான் நற்செய்தியில் வருவதே இல்லை. ‘யாருடையதும் அல்ல’ என்று கதை கட்டுகிற கத்தி பிடித்த கை பேதுருவுடையது.

நல்ல கேள்வி ஒன்று தருகிறேன்: ஓவியத்தில் நிஜமாகவே மறைந்திருப்பது என்ன? விடை, ஏசுவின் நெற்றிப்பொட்டில் ஒரு ஆணித் துளை. அங்கிருந்து நூல் கட்டி இழுத்துத்தான் கூரை, சுவர்க் கோடுகள் எல்லாம் குவிகின்றன.

பாரிஸ்_வரைபடம்:

இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. சான் சுல்பீஸ் தேவாலயத் தரையில் ஓடும் பித்தளைக் கோடு பாரிஸ் தீர்க்கரேகை அல்ல. அந்தத் தீர்க்கரேகை பாரிஸ் வானாய்வகத்தின் வழியே தனியாகப் போகிறது. கோவிலில் இருப்பது 18ஆம் நூற்றாண்டில் ஈஸ்டர் நாளைக் கணிக்க வைத்த நிழல்கடிகாரம். சன்னலில் உள்ள பி, எஸ் எழுத்துகள் பேதுரு, சுல்பீசியுஸ் என்ற புனிதர்களைக் குறிப்பவை. அங்கே படப்பிடிப்புக்கு அனுமதி கிடைக்கவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் அபியும் மறுத்தது, லிங்கன் பேராலயம் அதன் வேடம் போட்டது. லூவர் அருங்காட்சியகம் கதவு திறந்தது. அதன் கண்ணாடிப் பிரமிட்டில் 666 சில்லுகள் என்பது நெடுநாள் வதந்தி. 603 சாய்சதுரம், 70 முக்கோணம், ஆக 673.

படத்தில் வரும் ரகசிய அமைப்பான சியோன் சங்கம் சிலுவைப் போர்க் காலத்தது அல்ல. 1956இல் பிரான்சின் அன்மாஸ் ஊரில் பியேர் பிளாந்தார் தொடங்கியது. ‘பழைய ஆவணங்கள்’ 1960களில் தேசிய நூலகத்தில் கொண்டுபோய் வைத்த போலிகள். படத்தில் கொலைகாரத் துறவி இருக்கும் ஓபுஸ் தெய் என்ற கத்தோலிக்க அமைப்பில் நிஜத்தில் துறவிகளே கிடையாது. 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் சபை விவிலிய நூல்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. இன்றைய 27 புதிய ஏற்பாட்டு நூல்களின் பட்டியல் 367இல் ஆயர் அத்தனாசியுஸ் எழுதிய ஈஸ்டர் மடலில்தான் முதலில் வருகிறது.

நம் ஊர்க் கேள்வி வேண்டுமென்றால்: 2006இல் தமிழக அரசு படத்தை நிறுத்திவைத்தது, பிறகு சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது.

குறுக்கெழுத்துப்பித்தன்:

எல்லாருக்கும் நன்றி. படத்தில் கடவுச்சொல் ‘ஆப்பிள்’, ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. தமிழில் ‘கல்வெட்டு’ வைக்கலாமா? க, ல், வெ, ட், டு, சரியாக ஐந்து.

கடைசல்காரன்:

சொல் நன்று. 247 எழுத்தும் வளையத்தில் ஏறாது. வளையத்துக்கு 20 வைத்தால் 32 லட்சம் சேர்க்கை, எழுத்துக்கு 9.4 மிமீ உயரம். 15 மிமீ அகலத்தில் ‘வெ’, ‘ளோ’ எல்லாம் நெருக்காமல் அடங்கும்.

ஆனால் தமிழில் நன்னூல் படித்தவன் பாதிப் பூட்டைத் திறந்துவிடுவான். முதல் வளையத்தில் ண, ழ, ள, ற வைத்தால் வீண். அவை சொல்லுக்கு முதலில் வராது. அங்கே க, த, ப, ம, வ வரிசைகளை நிரப்புங்கள். புள்ளி எழுத்தை இரண்டாவதிலும் நான்காவதிலும் மட்டும் வைத்தால் இடம் தெரிந்துபோகும்; மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் ஏழெட்டுத் தூவுங்கள். ட் வந்தால் அடுத்து ட, க, ச, ப வரிசைதான் வரும் என்பதும் பிடிபடும். ஆகவே ஐந்தாவது வளையத்தில் டு, டி, டை, கு, கை, சி, பு, பை மாதிரி எழுத்துகளே அதிகம் இருக்கட்டும்.

ஒட்டிய பிறகு ஒரு முறை படித்துப் பாருங்கள். ‘கல்வெட்டு’க்குப் பக்கத்து வரிசையில் எசகுபிசகான சொல் ஏதாவது தற்செயலாக அமைந்திருக்கும்.