ஒட்டகத்தின் பங்கு கூடுகிறதா, குறைகிறதா? என் கணக்கு ஒத்துவரவில்லை

அறிவியல்நகர்_மாணவி
வணக்கம். கிளிநொச்சியில் விவசாயம் படிக்கிறேன், வறண்ட நாட்டுக் கால்நடைகள் பற்றிய செமினாருக்கு ஒட்டகத்தை எடுத்திருக்கிறேன். துணுக்காய்ப் பக்கம் பிறந்த எனக்கு ஒட்டகம் படத்தில் பார்த்ததுதான், ஆனால் வறட்சி வந்தால் எந்த மிருகம் நிற்கும், எது விழும் என்பது எங்களுக்கும் உள்ள கேள்விதானே. ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் தரவுப்படி 1961இல் உலகத்தில் ஏறத்தாழ 1.3 கோடி ஒட்டகங்கள், இப்போது 4 கோடி அளவில். மூன்று மடங்கு. மாடு அதே காலத்தில் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. சரி, மொத்தக் கால்நடைகளில் ஒட்டகத்தின் பங்கு ஏறுகிறது என்று எழுதிவிட்டேன். பிறகு வெள்ளாட்டோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஏற்றமே இல்லை, கோடு படுத்துக் கிடக்கிறது. இந்தியாவிலோ 1977இல் 11 லட்சம் அளவில் இருந்தவை 2019 கணக்கெடுப்பில் இரண்டரை லட்சம்தான். நான் எங்கே பிழை விட்டேன்?

குளக்கட்டு
பிள்ளை, பிழை விடவில்லை. நீங்கள் தலை எண்ணுகிறீர்கள், அவ்வளவுதான். நான் கால்நடைத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், எங்களுக்கும் இதே குழப்பம் வரும். ஒரு ஒட்டகமும் ஒரு ஆடும் ஒன்றா? அதற்காகத்தான் கால்நடை அலகு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், 250 கிலோ உயிர் எடை ஒரு அலகு. ஆபிரிக்கக் கணக்குகளில் வழக்கமாக ஒட்டகம் 1, மாடு 0.7, ஆடு 0.1. கற்பனைக்கு ஒரு ஊர் எடுங்கள்: 100 மாடு, 20 ஒட்டகம், 300 ஆடு. தலைக்கணக்கில் ஒட்டகம் 5 வீதம்கூட இல்லை. அலகில் போட்டால் 70, 20, 30, மொத்தம் 120, அதில் ஒட்டகம் ஆறில் ஒரு பங்கு. இப்போது வறட்சியில் 40 மாடு சாகட்டும். ஒட்டகத்தின் பங்கு 16.7இலிருந்து 21.7 வீதத்துக்குப் போய்விடும், ஒரு ஒட்டகக் குட்டிகூடப் பிறக்காமலே! ஆகவே எப்போதும் பின்னத்தில் மேலே உள்ள ஒட்டகத்தையும் கீழே உள்ள மொத்தத்தையும் தனித்தனியாக வரைந்துவிட்டுத்தான் வீதத்துக்கு வர வேண்டும்.

இன்னொன்று, யார் எண்ணினார்கள் என்று பாருங்கள். சோமாலியாவில் 1991இல் அரசு விழுந்த பிறகு வந்த எண்ணிக்கை எல்லாம் மதிப்பீடுதான், அந்த நாடோ ஒட்டகத்தில் முன்வரிசை. எங்கள் வன்னியிலேயே 1981க்குப் பிறகு முழுமையான குடிசனக் கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது, மனிதரையே முப்பது வருடம் எண்ண முடியாமல் இருந்த இடத்தில் மாட்டை யார் எண்ணியிருப்பார்? வரைபில் கோடு திடீரென்று ஏறினால் அது மிருகம் பெருகியதா, புதுக் கணக்கெடுப்பு வந்ததா என்று முதலில் பாருங்கள். ஒட்டகம் 13 மாதம் சினை, சாதாரணமாக இரண்டு வருடத்துக்கு ஒரு குட்டி. அது திடீரென்று பெருகாது.

மாங்குளத்தான்
நான் சவூதியில் ஆறு வருடம் ஒட்டகப் பட்டியில் நின்றவன். அங்கே இருந்த ஒட்டகங்களுக்கு வறட்சியும் இல்லை ஒன்றும் இல்லை, புல்லுக்கட்டு லொறியில் வரும், தண்ணீர் பவுசரில் வரும், முதலாளிக்கு அது பெருமை, ஓட்டப்பந்தயம், காசு. அந்த எண்ணிக்கையையும் கென்யாவின் எண்ணிக்கையையும் ஒரே கோட்டில் போடாதீர்கள் தங்கச்சி. என்னோடு நின்ற சூடான்காரர் பால் கறப்பதைப் பார்க்க வேண்டும்: குட்டியை முதலில் ஊட்ட விட்டு, பால் இறங்கியதும் அதை ஒதுக்கிவிட்டு, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மடக்கிய மற்றக் காலின் தொடையில் சட்டியை வைத்துக் கறப்பார். நுரை சட்டிக்கு மேலே நிற்கும். காய்ச்சலில் கிடந்தபோது அந்தப் பாலைத்தான் எனக்குத் தந்தார்கள். அவர் சொல்வார், மாடு புல்லைத் தேடும், புல் போனால் மாடு போகும், ஒட்டகம் முள்மரத்தை நிமிர்ந்து சாப்பிடும் என்று. தெற்கு எத்தியோப்பியாவின் பொரானா மக்களும் வட கென்யாவின் சம்புரு மக்களும் பரம்பரையாக மாட்டுக்காரர், அவர்களே ஒட்டகம் வாங்கத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். 2020 கடைசியிலிருந்து அந்தப் பக்கம் ஐந்து மழைக்காலம் தொடர்ந்து பொய்த்தது.

பட்டியடி
இந்தியாவில் ஏன் விழுந்தது என்பதற்கு எங்கள் எருமையைப் பாருங்கள். அப்பா காலத்தில் வயல் மிதிக்கவும் சூடு மிதிக்கவும் எருமைதான், இரவில் நிலவு வெளிச்சத்தில் களத்தைச் சுற்றிச் சுற்றி வரும், நாங்கள் வைக்கோலில் படுத்துப் பார்த்துக்கொண்டிருப்போம். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வந்தது, அந்த வேலை போனது. ராஜஸ்தானில் ஒட்டகத்துக்கும் அதேதான், டிராக்டரும் ஜீப்பும் வந்தன, கால்வாய் வந்த இடத்தில் மேய்ச்சல் நிலம் வயலாகியது. 2015இல் காப்பாற்ற என்று சட்டம் போட்டு, வெட்டவும் கூடாது, அனுமதி இல்லாமல் மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகவும் கூடாது என்றார்கள், ஆண் ஒட்டகத்தை வாங்க ஆள் இல்லாமல் விலை விழுந்தது. விற்க முடியாததை யார் வளர்ப்பார்? மன்னார் ரவுனில் தெருவில் நிற்கும் கழுதைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதே நினைவு, ஒரு காலத்தில் பொதி சுமந்தவை. ஆபிரிக்காவில் ஒட்டகம் பாலுக்கு நிற்கிறது, ராஜஸ்தானில் இழுவைக்கு நின்றது. வேலை எதுவோ அதைப் பொறுத்துத்தான் எண்ணிக்கை. மேய்ச்சல் தரைக்காக நாங்கள் இன்றும் அலைந்துகொண்டிருக்கிறோம், அதையும் உங்கள் செமினாரில் ஒரு வரி சொல்லுங்கள்.

அறிவியல்நகர்_மாணவி
எல்லோருக்கும் நன்றி. குளக்கட்டு ஐயா சொன்ன கணக்கை வாசித்ததும் எனக்கு எங்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. 2022 மார்கழியில் புயலோடு வந்த குளிர்காற்றில் எங்கள் பட்டியில் 14 மாட்டில் 5 ஒரே இரவில் செத்தன, காலையில் அம்மா சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினார், ஒரு கன்று தாயின் வயிற்றோடு ஒட்டியபடி விறைத்துக் கிடந்தது. எருமை மூன்றும் தப்பின. அன்று காலை எங்கள் பட்டியில் எருமையின் பங்கு 17.6இலிருந்து 25 வீதமாகியிருக்கிறது. இந்தக் கணக்கையே முதல் படமாகப் போடப்போகிறேன். இந்தியா, வளைகுடா, கிழக்கு ஆபிரிக்கா மூன்றுக்கும் தனித்தனி வரைபு. பட்டியடி ஐயா, மேய்ச்சல் தரைக்கு ஒரு வரி போதாது, அம்மாவிடமும் கேட்டு எழுதுகிறேன்.