பரங்கிப் பூவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்

கடலூரில் கடற்கரையை ஒட்டிய ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் நானும் சில தோழிகளும் வாரம் ஒருநாள் போய், பிள்ளைகளோடு காய்கறித் தோட்டம் போடுகிறோம். என் அனுபவத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நாம் தொடங்கும் மாதம்தான்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் நாள் என்று பல பேர் கன்றோடு வருகிறார்கள். நட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த வெயிலில் இந்த மணல் மண்ணில் கன்று எப்படிப் பிழைக்கும்? அது கருகுவதைத் தினமும் பார்ப்பது பிள்ளைகள்தான். அதில்தான் எனக்கு உண்மையான கோபம். ஆடிப்பட்டத்தில் விதைத்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாத்தி மூழ்கும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்த ஊர் இது, மழைக்காலத்தை நம்பிப் பந்தல் போட முடியாது. அதனால் மழை ஓய்ந்ததும் மார்கழியில் விதை ஊன்றுகிறோம். முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும், வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். முழுப் பரீட்சைக்கு முன்னாலேயே பிள்ளைகள் அறுவடையைப் பார்த்துவிடலாம்.

மணலில் ஊற்றும் தண்ணீர் நிற்காது. ஏரி வண்டலும் மட்கிய சாணி எருவும் கலந்துதான் பாத்தி கட்டினோம். உரத்துக்கு மீன் அமிலம். மீன் கழிவு கேட்டால் இங்கே கொண்டுவராத பிள்ளை இல்லை. அதற்குச் சம எடை வெல்லம் கலந்து மூடி வைத்து, தேன் பதத்துக்கு வந்ததும் லிட்டர் தண்ணீருக்கு 10 மில்லி ஊற்றித் தெளிக்கிறோம். "எங்க ஆயா மீன் குடலைத் தென்னை மரத்தடியில புதைப்பாங்கக்கா" என்றான் ஒரு பையன். அவன் வீட்டில் இருந்த அறிவுதான் இது என்று அவனையே மற்றவர்களுக்கு விளக்கச் சொன்னேன். வகுப்பில் வாயே திறக்காதவன், அன்றைக்கு நன்றாகப் பேசினான்.

தைப்பூசத்துக்கு வடலூர் போய்விட்டு வந்த பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "அக்கா, பரங்கிப் பூவெல்லாம் உதிருது!" முதலில் வருவது ஆண் பூ, அது உதிரத்தான் செய்யும். மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை மேல் வைக்கிறோமே, நீளக் காம்போடு, அதுதான் ஆண் பூ என்றதும் எல்லோருக்கும் பிடிபட்டது. சில நாளில் பெண் பூக்கள் வந்தன. இதழுக்குக் கீழே கோலிக்குண்டு அளவில் பச்சைப் பிஞ்சு இருக்கும். அதை வைத்துத்தான் அடையாளம்.

பரங்கிப் பூ விடியலில் விரியும், வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அந்தத் தோட்டத்தில் தேனீ குறைவு. அதனால் பள்ளி மணி அடிக்கும் முன்பே வந்து, ஆண் பூவின் இதழைக் கிழித்துவிட்டு, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவே மெதுவாகத் தடவினார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தான் தடவிய பூவின் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்தாள். நான் சொல்லித் தரவில்லை, அவளாகச் செய்தது. நூல் கட்டிய பிஞ்சுகளில் பெரும்பாலானவை பருத்தன. கட்டாதவற்றில் நிறைய மஞ்சளாகி உதிர்ந்தன. அறிவியல் பாடத்தில் படம் போட்டு மனப்பாடம் செய்த மகரந்தச் சேர்க்கை அப்புறம் யாருக்கும் மறக்கவில்லை.

பங்குனியில் காய் முற்றியது. சத்துணவு சமைக்கும் அக்கா சாம்பாரில் போட்டார். வீட்டில் பரங்கிக்காயை ஒதுக்குகிறவர்கள்கூட "என் காய் எது?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் தலைமையாசிரியரிடம் பேசுங்கள், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். ஒரே கிழமை, ஒரே பாடவேளை என்று வைத்துக்கொண்டு விடாமல் போங்கள், பிள்ளைகள் காத்திருப்பார்கள். நாங்கள் இந்த மார்கழிக்குப் பாகலும் புடலையும் சேர்க்கிறோம். பந்தலுக்குச் சவுக்குக் கழி சொல்லியாகிவிட்டது. விதை, போன வருஷப் பிள்ளைகளே எடுத்து வைத்திருக்கிறார்கள்.